ஒரு தேவார ஆல்பம் இரண்டு முறை பதிவானது: நிகழ்வு ஆய்வு

இது மயிலாடுதுறைப் பக்கம் நடந்தது. பாடியவர், பக்கவாத்தியக்காரர்கள், முதல் பதிவு நடந்த ஸ்டுடியோ, யாருடைய பெயரையும் சொல்லவில்லை. குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். சீட்டுப் பணத்தையும் சேமிப்பையும் போட்டு ஆல்பம் எடுக்கிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குப் பதிவு செய்து தருவதுதான் என் தொழில். இந்த ஆல்பத்தில் தவறிப்போன விஷயங்கள் எல்லாமே தொடக்கப் பாடங்கள். சுருதி, இடம், உட்காரும் வரிசை, ஒலி அளவு, அவ்வளவுதான். அவை தவறினால் என்ன ஆகும் என்பதை விவரமாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பின்னணி

பாடியவர் ஓய்வு பெற்ற ஓதுவார், வயது 67. ஒரே சிவாலயத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பூஜை நேரங்களில் தேவாரம் பாடியவர். கையில் குழித்தாளம், பக்கத்தில் சுருதிப் பெட்டி, எதிரே சன்னதி. அவர் பாடிப் பழகிய முறை அது. அத்தனை வருடம் பாடியும் ஒழுங்காகப் பதிவான ஒலி ஒன்றுகூட இல்லை. திருவிழாவில் யாரோ போனில் எடுத்த சில நிமிடங்கள் இருந்தன. அதிலும் பாதி மணியோசை.

அவருடைய மகள்தான் முதலில் முயற்சி எடுத்தார். பத்துப் பதிகங்கள், வயலின், மிருதங்கம், ஒரு ஆல்பம் என்று திட்டம். நகரத்தில் ஒரு ஸ்டுடியோவில் இரண்டு நாள் எடுத்தார்கள். சினிமாப் பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் செய்வதுபோல ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். கீபோர்டு வாசிப்பவர் முதலில் தம்புரா ஒலியும், தாளம் தவறாமல் இருக்க ஒரே வேகத்தில் ஓடும் 'டிக் டிக்' ஓசையான க்ளிக்கும் போட்டு வைத்தார். ஓதுவார் கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதற்குப் பாடினார். அடுத்த நாள் வயலின். மிருதங்கக்காரருக்கு அன்று கச்சேரி இருந்ததால் வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்து கோப்புகளை அனுப்பினார்.

எல்லாம் சேர்ந்த ஹார்ட் டிஸ்க் மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்தது. "அண்ணா, பாட்டெல்லாம் பாடி முடிச்சாச்சு. மிக்ஸிங் மட்டும் சரியா வரலைன்னு சொல்றாங்க. கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றார் மகள்.

கோப்புகளில் கண்டவை

முதலில் மிருதங்கம் உறுத்தியது. ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் (தாளச் சுற்றிலும்) வெட்டி வெட்டித் தாளத்தோடு சேர்த்திருந்தார்கள். நாதமோ தகரத்தைத் தட்டுவதுபோல இருந்தது. மிருதங்கக்காரரைக் கூப்பிட்டு, அவர் வீட்டில் இருந்த மூலக் கோப்பை அனுப்பச் சொன்னேன். ஒரு பதிகத்தில் அவருடைய கோப்பின் நீளம் 4 நிமிடம் 21 விநாடி. அதே கோப்பு ஸ்டுடியோ ப்ராஜெக்டில் 4 நிமிடம்தான் இருந்தது.

காரணம் சாம்பிள் ரேட். அவர் வீட்டில் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்திருக்கிறார். ஸ்டுடியோ ப்ராஜெக்ட் 48-இல் ஓடியது. கோப்பை மாற்றாமல் அப்படியே உள்ளே போட்டிருக்கிறார்கள். விநாடிக்கு 44,100 எண்ணாகப் பதிந்ததை 48,000 எண்ணாகப் படித்தால் வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும். சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் மேலே போகும். இரண்டு கட்டைக்குச் (சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற கணக்கில்தான் சொல்வோம்) சேர்த்த மிருதங்கம் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் ஒட்டாத இடத்தில் போய் நின்றது. தாளம் ஓடுவதைப் பார்த்தவர்கள் மிருதங்கக்காரர் அவசரப்பட்டு வாசித்துவிட்டார் என்று நினைத்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அவரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வருடம் வாசிக்கிற மனிதர், தன் கை தளர்ந்துவிட்டதோ என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் போனில் சற்று நேரம் பேசவே இல்லை.

மிருதங்கத்துக்கு மாற்று இருந்தது, மூலக் கோப்பை முறையாக மாற்றிப் போட்டால் தீர்ந்தது. குரலுக்கு அப்படி வழி இல்லை.

குரலில் மூன்று கோளாறுகள். மேல் ஸ்தாயியில் அவர் வாய் திறந்த இடங்களிலெல்லாம் ஒலி அளவு உச்சத்தைத் தாண்டி அலையின் தலை வெட்டுப்பட்டிருந்தது. கரகரவென்று கேட்கும். வெட்டுப்பட்ட பகுதியில் என்ன இருந்தது என்ற தகவல் கோப்பிலேயே இல்லை; மென்பொருள் ஊகித்து நிரப்பலாமே தவிர மீட்க முடியாது. இரண்டாவது, க்ளிக் ஓசை. அவருக்குக் காது சற்று மந்தம். ஹெட்ஃபோனைச் சத்தமாக வைத்திருக்கிறார்கள். அந்த டிக் டிக் ஹெட்ஃபோன் விளிம்பு வழியாகக் கசிந்து மைக்கில் விழுந்திருந்தது. பாடும்போது தெரியாது. ஒரு வரி முடிந்து மூச்சு வாங்குகிற இடைவெளியில் தெளிவாகக் கேட்டது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. சுருதி திருத்தும் மென்பொருளில் குரலை ஓட்டி, திருத்திய கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு அசலை அழித்திருந்தார்கள். தேவாரத்தின் பழைய ராகங்களுக்குப் பண் என்று பெயர். அதில் கௌசிகம் என்ற பண்ணை இன்று பைரவி ராகத்தில் பாடுகிறார்கள். பைரவியின் காந்தாரம் ஆடிக்கொண்டே இருக்கிற சுரம். அது ஓரிடத்தில் நிற்காது, நிற்கவும் கூடாது. மென்பொருள் அந்த அசைவைப் பிழை என்று எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டைக்கு இழுத்து ஒட்டிவிட்டது. ராகம் தெரிந்தவர் ஒருவரும் அந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் இல்லை.

வயலினில் பிழை ஏதும் இல்லை. ஆனால் பதிவான குரலுக்கு நிழல்போல வாசித்திருந்தார், அவ்வளவுதான். எதிரில் ஆள் இருந்தால் விட்டுப் பிடிப்பதும் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுப்பதும் இருக்கும். அது எதுவும் இல்லை.

சரிசெய்வதா, மறுபடி எடுப்பதா

மூன்று நாள் மாலை ஒரே பதிகத்தோடு போராடிப் பார்த்தேன். மிருதங்கம் ஒழுங்காக வந்தது. க்ளிக்கைச் சில இடங்களில் எடுக்க முடிந்தது. குரல் மட்டும் அவருடைய குரலாகவே வரவில்லை. இப்படி வெளியிட்டால், அவர் பாடியதற்கு இருக்கப்போகிற ஒரே சாட்சி இதுவாகத்தான் இருக்கும். அதை நினைத்ததும், மறுபடி எடுக்கச் சொல்வதென்று முடிவு செய்தேன்.

போனில் சொல்கிற விஷயம் இல்லை. ஒரு ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். கௌசிகப் பதிகத்தைப் போட்டுக் காட்டினேன். ஓதுவார் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "தம்பி, இது நான் பாடினதா?" என்று கேட்டார். அப்புறம் அவரே சொன்னார்: "காதுல அந்த டிக் டிக் வந்துட்டே இருந்துச்சு. கடியாரத்துக்குப் பாடுற மாதிரி இருந்துச்சு. சுத்தாங்கத்துக்கும் அதையே போட்டாங்க."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தேவாரத்தைத் தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம். தாளம் இல்லாமல், சொல்லின் போக்கில் நிறுத்தியும் நீட்டியும் பாடுவது சுத்தாங்கம். திருத்தாண்டகத்தை அப்படித்தான் பாடுவார்கள். தாளமே இல்லாத பாட்டுக்கு க்ளிக் போட்டு அதில் அடைத்துப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். ஓதுவாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

சுருதியைப் பற்றியும் கேட்டேன். கீபோர்டுக்காரர் வைத்தது இரண்டு கட்டை. "ஐயா, கோயில்ல எத்தனை கட்டைக்குப் பாடுவீங்க?" என்றேன். முன்னே இரண்டுதானாம், கடந்த சில வருடமாக ஒன்றரை. அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று மகள் சற்றுக் கோபமாகவே கேட்டார். "அவங்க ரெண்டுன்னு வச்சிருந்தாங்க. சரின்னுட்டேன். அவங்க வேலை அவங்களுக்குத் தெரியும்ல" என்றார் அவர். மேல் பஞ்சமத்தில் தொண்டை இறுகியதற்கும், அதே இடங்களில் ஒலி அளவு எகிறியதற்கும் இதுவே காரணம். இரண்டு கட்டையில் அந்தச் சுரத்தைத் தொட அவர் கத்த வேண்டியிருந்திருக்கிறது.

பணம்தான் பெரிய கேள்வி. குடும்பம் ஏற்கெனவே செலவழித்த தொகை திரும்பாது. பத்துப் பதிகத்தை ஆறாகக் குறைத்தோம். ஸ்டுடியோ வாடகை வேண்டாம், ஊரிலேயே இடம் பார்க்கலாம் என்றேன். வயலின்காரரும் மிருதங்கக்காரரும் தங்கள் ஊதியத்தில் பாதி போதும் என்றார்கள். மீதியை ஆல்பம் வெளிவந்த பிறகு கொடுப்பதாக மகள் எழுதியே கொடுத்தார். பதிவின் உரிமை யாருக்கு, வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதும் அதே தாளில் எழுதிக் கையெழுத்தானது. முதல் தடவை அப்படி ஒரு தாளே கிடையாது.

பதிவுக்கு முந்தைய ஆறு வாரம்

நான்கு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மைக் எதுவும் இல்லை, போன் மட்டும். சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டு அவராகப் பாடச் சொல்லி, சட்ஜம் எங்கே வந்து நிற்கிறது என்று குறித்துக்கொண்டேன். காலையில் சரியாக ஒன்றரை. மாலையில் அதற்கும் ஒரு பொடி கீழே. இரண்டு பதிகம் பாடியதும் குரல் நன்றாகத் திறந்தது, நான்காவதில் களைத்தது. அதனால் ஒரு அமர்வுக்கு இரண்டு பதிகம்தான், அதுவும் விடியற்காலையில் என்று முடிவானது.

எந்தப் பதிகத்தில் எத்தனை பாட்டு என்பதையும் அவரே தீர்மானித்தார். பதினொரு பாட்டையும் வேகமாகப் பாடி முடிக்கலாம் என்பது முந்தைய திட்டம். இப்போது நான்கு அல்லது ஐந்து பாட்டு, ஆனால் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் விடக்கூடாது என்றார். மகள் அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல் சொல்லாக ஒத்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் வேறுபாடு இருந்தது. ஒன்று அவருடைய ஆசிரியர் சொல்லிக் கொடுத்த பாடம், அதை அப்படியே வைத்தோம். இன்னொன்று வாய்தவறிப் பழகியது. முதல் பதிவில் அது அப்படியே போயிருக்கிறது. திருத்திக்கொண்டார்.

கடைசி இரண்டு ஞாயிறு பக்கவாத்தியக்காரர்களும் வந்தார்கள். எங்கே எடுப்பு, எங்கே நிறுத்தம், வயலின் எவ்வளவு நேரம் தனியாக வாசிக்கலாம் எல்லாம் அங்கேயே பேசி முடித்தாயிற்று.

இடம்

ஓதுவாருக்குக் கோயில் மண்டபத்தில் பாட ஆசை. "அங்க பாடினா சுவாமி கேக்குறாரு தம்பி. இங்க யாரு கேக்குறா?" என்றார். அதைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு மதியம் நடை சாத்திய பிறகு வெளி மண்டபத்தில் போய் நின்று கை தட்டிப் பார்த்தோம். ஓசை மூன்று விநாடிபோல நின்றது. பாடவும் சொன்னேன். குரல் கம்பீரமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் ஏறி வரி புரியவில்லை. தேவாரத்தில் சொல் போய்விட்டால் என்ன இருக்கிறது? அவரே கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். புறாக்கள் வேறு.

அவருடைய மாணவர் வீட்டு மாடிக்கூடம் கிடைத்தது. இரண்டு சுவர் நிறையப் புத்தக அலமாரி. அது நல்லது, ஒலி ஒரே மாதிரி திரும்பாமல் சிதறும். டைல்ஸ் தரையில் இரண்டு ஜமுக்காளம் விரித்தோம். வெறும் சுவர்களில் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து வைத்தோம். கல்யாண வீட்டுக்கு வாடகைக்குக் கொடுப்பவரிடம் எடுத்த மெத்தைகள்.

காலம் தை மாதம். மார்கழி என்றால் விடியற்காலையில் எல்லாக் கோயில் ஒலிபெருக்கியும் பாடும். கோடை என்றால் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. தையில் இரண்டு தொல்லையும் இல்லை. நேரம் காலை நாலரை முதல் ஏழு வரை. முதல் பஸ் ஆறேகாலுக்கு அந்தத் தெருவைக் கடக்கும் என்று முன்னதாகவே ஒரு நாள் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். கீழ்வீட்டு ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டியிருந்தது. மறந்து போகாமல் இருக்க, அணைத்ததும் என் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவேன். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது என்பதால் ஃப்ரிட்ஜும் நினைவுக்கு வரும். இன்வெர்ட்டர் இரைச்சல் வரக்கூடாது என்பதற்காக மடிக்கணினியைப் பேட்டரியிலேயே ஓட்டினோம்.

உட்கார்ந்த முறையும் மைக்கும்

க்ளிக் இல்லை, ஹெட்ஃபோன் இல்லை, எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். இதற்கு ஒரு விலை உண்டு. ஒருவர் மைக்கில் மற்றவர் ஒலி விழும். ஒருவர் தவறினால் அவர் பகுதியை மட்டும் மாற்ற முடியாது, எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஒத்திகை முடிந்த ஆட்கள் என்பதால் யாரும் தயங்கவில்லை.

கச்சேரி மேடையில் பாடகருக்கு ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம் இருக்கும். இங்கே அதை மாற்றினேன். குரலுக்கு வைத்த மைக் முன்பக்கம் நன்றாகக் கேட்டு, முதுகுப் பக்கம் மந்தமாகக் கேட்கும் வகை. மைக்கின் முதுகு எந்தத் திசையில் இருக்கிறதோ அங்கே சத்தமான வாத்தியம் இருக்க வேண்டும். ஆகவே மிருதங்கக்காரர் ஓதுவாருக்கு நேர் எதிரே, 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பாடியது இன்னொரு பலன். வயலின் இடப்பக்கம். குரல் மைக் வாயிலிருந்து 30 சென்டிமீட்டர், சற்று மேலே, மூக்கைப் பார்த்துச் சாய்த்து. நேரே வாய்க்கு எதிரே வைத்தால் 'ப'கரம் வருமிடமெல்லாம் காற்று அறையும். ஒரு மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் இருக்கிற தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரமாவது அடுத்த மைக் தள்ளி இருக்க வேண்டும் என்ற பழைய கணக்கை எல்லா இடத்திலும் பார்த்துக்கொண்டேன்.

குழித்தாளம் ஒரு சிக்கல். அவர் கையிலேயே இருக்க வேண்டும் என்பது என் விருப்பமும்தான், கை பழகியது அப்படி. ஆனால் குரல் மைக்குக்குப் பக்கத்தில் அந்த வெண்கல ஓசை மெய்யெழுத்துகளை விழுங்கிவிட்டது. மாணவர் ஒருவர் தாளத்தை எடுத்துக்கொண்டு அறையின் கோடியில் உட்கார்ந்தார். ஓதுவார் தொடையில் தட்டிப் பாடினார். தொடையில் தட்டும் ஓசையும் விழுந்தது; துண்டை நாலாக மடித்து மேலே போட்டுக்கொண்டார்.

அதன் பிறகும் மெல்லிய கிளிக் ஒன்று வந்துகொண்டே இருந்தது. கேபிளை மாற்றினேன், மைக் ஸ்டாண்டை இறுக்கினேன், போகவில்லை. கடைசியில் மாணவர்தான் கண்டுபிடித்தார்: ருத்ராட்ச மாலை. அவர் மூச்சை இழுக்கும்போது மணிகள் ஒன்றோடொன்று உரசின. கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவரும் கழற்றுகிறவர் இல்லை. மகள் ஒரு மெல்லிய பருத்தித் துணியை மாலையைச் சுற்றிச் சுருட்டி மார்போடு ஒட்டினாற்போல் கட்டிவிட்டார். ஓசை நின்றது.

யாரும் இல்லாத அறையில் பாடியே பழக்கமில்லாதவர் என்பதால் இரண்டு மாணவர்களை எதிரே உட்கார்ந்து கேட்கச் சொன்னோம். அவர் யாருக்காவது பாட வேண்டும், அது முக்கியம்.

சுருதிப் பெட்டியை ஒன்றரைக் கட்டையில் வைத்து, நுண்சுருதிக் குமிழின் மேல் டேப் ஒட்டிவிட்டேன். ஆல்பம் முடிகிறவரை யாரும் தொடக் கூடாது. அறைக்குள் மெல்லக் கேட்கும்படி ஒரு சின்ன ஸ்பீக்கரும், பதிவுக்குத் தனியாக ஒரு கேபிளும்.

ஒலி அளவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், எல்லாக் கருவியும் அதே எண்ணில். மேல் பஞ்சமம் வருகிற வரியைப் பாடச் சொல்லி, அதற்கு உச்சம் மைனஸ் 12 டெசிபலில், அதாவது அலை வெட்டுப்படும் எல்லைக்கு 12 டெசிபல் கீழே, நிற்கும்படி வைத்தேன். சோதனைக்குப் பாடுவதைவிட நிஜமாகப் பாடும்போது எல்லோருமே சத்தமாகப் பாடுவார்கள். 24 பிட்டில் இப்படித் தாழ்த்திப் பதிவதால் இழப்பு எதுவும் கிடையாது.

நான்கு விடியல், ஒரு இரவு

முதல் நாள் புறநீர்மைப் பண். இன்று பூபாளத்தில் பாடப்படுவது, விடியலுக்கு உரியது. மூன்றாவது டேக்கில் வந்துவிட்டது. அடுத்த பதிகத்துக்கு முன் மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்க முகம்) சுருதி இறங்கியிருந்தது. வெளியே பனி, தோல் ஈரம் வாங்கிவிட்டது. கல்லால் தட்டிச் சேர்த்தும் ஐந்து நிமிடத்தில் மறுபடி இறங்கியது. அவசரப்படுத்தவில்லை. ஜன்னல் இடுக்குகளைத் துணியால் அடைத்து, கால் மணி நேரம் காத்திருந்தோம். அன்று இரண்டாவது பதிகம் முடியவில்லை.

இரண்டாம் நாள் மிருதங்கத்தின் இரண்டு மைக்கையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரில் கேட்டபோது தொப்பியின் (இடப்பக்க முகத்தின்) கும்மென்ற ஓசை மெலிந்து போனது. தனித்தனியே கேட்டால் நன்றாக இருக்கிறது, சேர்த்தால் காணோம். ஒன்றின் அலை மேலே ஏறும்போது மற்றதின் அலை கீழே இறங்கி ஒன்றையொன்று அழித்திருக்கிறது; ஒன்றின் துருவத்தைத் திருப்பியதும் நிறைந்து வந்தது. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். முதல் நாள் பதிவையும் பிறகு அப்படியே திருப்பிச் சரிசெய்ய முடிந்ததால் தப்பினேன்.

தக்கேசியும் காந்தார பஞ்சமமும் மூன்றாம் நாள். ஒரு டேக்கின் நடுவே குயில் கூவியது. ஓதுவார் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. அந்த டேக்தான் ஆல்பத்தில் இருக்கிறது.

நான்காம் நாள் கௌசிகமும் திருத்தாண்டகமும். திருத்தாண்டகத்துக்கு மிருதங்கக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயலின் மட்டும் சுருதியை ஒட்டித் தொடர்ந்தது. ஒரே டேக். முடிந்த பிறகு யாரும் அசையவில்லை, அதனால் கடைசிச் சுரம் முழுதாக அடங்குகிறவரை பதிவாகியிருக்கிறது.

மேகராகக்குறிஞ்சி மட்டும் பாக்கி. இன்றைய நீலாம்பரி. "அது ராப்பண் தம்பி. விடியக்காலையில பாடச் சொல்லாதீங்க" என்று முன்பே சொல்லியிருந்தார். எனக்கு இரவில் தெருச் சத்தம் பற்றிய கவலை. இருந்தாலும் அவர் சொன்னபடி இரவு பத்து மணிக்கு மேல் எடுத்தோம். இரண்டு டேக் ஒரு பைக் சத்தத்தில் போனது. மூன்றாவதில் அமைந்தது. குரல் காலையைவிடக் கீழே, சற்றுத் தடித்து இருந்தது. அந்தப் பண்ணுக்கு அது பொருந்தியது என்பது என் அபிப்பிராயம்.

ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் பதிகத்தின் பெயரையும் எண்ணையும் வாயால் சொல்லிப் பதிந்தோம். மகள் நோட்டில் எழுதினார். தினமும் கிளம்பும் முன் இரண்டு டிஸ்கில் பிரதி. ஒன்று என்னிடம், இன்னொன்று அவர்கள் வீட்டில்.

என் பக்கத்துத் தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். யாரும் வாசிக்காமல் அறையின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிந்துகொள்வது வழக்கம். இரண்டு டேக்கை ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அதுதான் உதவும். முதல் நாள் அதை மறந்துவிட்டேன். மறுநாள் எடுத்த அமைதி பொருந்தவில்லை. புறநீர்மைப் பதிகத்தில் மூன்றாவது பாட்டுக்கு முன் வருகிற சிறு இடைவெளியில், ஹெட்ஃபோனில் கேட்டால் அறை மாறுவது தெரியும். எனக்கு இன்றும் தெரிகிறது.

பிறகு நடந்தது

மிக்ஸிங் மூன்று நாளில் முடிந்தது. செய்ய அதிகம் இல்லை. டேக்குகளைப் பாட்டுக்குப் பாட்டு, எல்லோரும் நிறுத்துகிற இடத்தில் மட்டும் வெட்டினேன். சுருதி திருத்தும் மென்பொருளைத் திறக்கவே இல்லை. தனியாகப் பதிந்த தம்புராவை அடியில் ஒரே சீராக ஓடவிட்டேன். மண்டபத்தின் நினைவு வர வேண்டும் என்று ஓதுவார் ஆசைப்பட்டார். கொஞ்சமாக எதிரொலி சேர்த்து, சொல் மங்குகிறதா என்று மகளைக் கேட்கச் சொல்லி, மங்கத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திக்கொண்டேன்.

மருமகனுக்கு ஒரு குறை: மற்ற பக்திப் பாடல்களோடு ஒப்பிட்டால் சத்தம் குறைவாக இருக்கிறதே என்றார். நியாயமான கேள்வி. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன, ஸ்பாட்டிஃபையில் அந்த அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). நசுக்கிச் சத்தம் ஏற்றிக் கொடுத்தாலும் அங்கே இறக்கிவிடுவார்கள். நசுங்கியது மட்டும் மிஞ்சும். இரண்டு விதமாகவும் செய்து, ஒரே சத்தத்தில் அவர் காரிலேயே போட்டுக் காட்டினேன். நசுக்காததையே எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு பதிகத்துக்கும் ஐஎஸ்ஆர்சி எண் (ஒரு ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் எண்) வாங்கி, பாடிய நாயனார், பண், தலம் மூன்றையும் விவரக் குறிப்பில் சேர்த்த பிறகே வெளியிட்டோம். ஆல்பம் பெரிதாகப் பரவவில்லை, அதற்காக எடுத்ததும் இல்லை. இரண்டு ஊர்களில் தேவாரம் சொல்லிக் கொடுப்பவர்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். சொல் சுத்தமாகக் கேட்கிறது என்று ஒருவர் மகளுக்குப் போன் செய்திருக்கிறார். மிருதங்கக்காரர் முதல் தடவை வீட்டில் பதிந்த மூலக் கோப்புகளையும் ஒரு டிஸ்கில் போட்டுத் தரச் சொன்னார். சரியான வேகத்தில் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த முறை மாற்றப்போவது

மிக்ஸிங்குக்கு மட்டும் என்று வருகிற வேலையில் முதல் நாளே மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்கி, நீளத்தை ஒத்துப் பார்ப்பேன். மூன்று நாள் மாலையை அது மிச்சப்படுத்தியிருக்கும். குழித்தாளத்தையும் மாலையையும் ஒத்திகையிலேயே மைக் வைத்துக் கேட்டிருக்கலாம். பதிவு நாளில் ஒன்றரை மணி நேரம் அதில் போனது. மிருதங்கத்துக்குப் பனிக்காலத்தில் இன்னொரு வாத்தியம் தயாராகக் கொண்டுவரச் சொல்வேன். அறையின் அமைதியைப் பதிவதை இப்போது நோட்டின் முதல் வரியாகவே எழுதி வைத்திருக்கிறேன்.

காது விஷயத்தையும் சேர்க்க வேண்டும். வயதான பாடகருக்குக் காது எப்படி இருக்கிறது என்று முதலிலேயே வீட்டாரிடம் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது. ஹெட்ஃபோன் தவிர்க்க முடியாத வேலை என்றால் ஒரு காதுக்கு மட்டும், தம்புரா மட்டும் கொடுக்கலாம்.

மீதி நான்கு பதிகங்கள் இன்னும் எடுக்கவில்லை. மழை முடிந்து தை வந்ததும் எடுக்கலாம் என்று பேச்சு. போன வாரம் ஓதுவார் போன் செய்தார். ஒன்றரை இப்போது கொஞ்சம் இழுக்கிறதாம், ஒன்றேகாலுக்கு வைக்கலாமா என்று அவராகவே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை நாலரைக்கு வந்து கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.